வரைபடத்தில் எங்கள் சுடுகாடும் இருக்கட்டும்

மாவட்ட மன்றத் தலைவர், மன்ற உறுப்பினர்கள், திட்டமிடல் பிரிவு அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்திலிருந்து எழுதுகிறேன். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் புதிய உள்ளூர்த் திட்டத்துக்கான வேலை தொடங்கப்போகிறது என்று கேள்விப்பட்டோம். நல்லது. திட்டமே இல்லாமல் ஆங்காங்கே முளைக்கும் தாமான்களை, அதாவது வீடமைப்புப் பகுதிகளை, நிறையப் பார்த்துவிட்டோம். வரைவு அச்சுக்குப் போகும் முன் சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

சென்ற முறை கண்காட்சியில் வைத்த வரைபடத்தில் எங்கள் தோட்டம் முழுவதும் ஒரே நிறம். ஓரத்துக் குறிப்பில் 'விவசாயம்' என்று இருந்தது. செம்பனை இருப்பது உண்மைதான். ஆனால் அதே நிறத்துக்குள்தான் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், பந்து விளையாடும் திடல், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள், ஆற்றோரத்துச் சுடுகாடு எல்லாம் இருக்கின்றன. கோயிலும் சுடுகாடும் அந்தக் காலத்துத் தோட்டத் துரை வாய்ச்சொல்லாகக் கொடுத்த இடங்கள். தனிப் பட்டா கிடையாது. நாளை தோட்டம் கைமாறி, நிலப் பயன்பாட்டை வீடமைப்புக்கு மாற்றச் சொல்லி மனு வந்தால், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது வெறும் காலி நிலம். அப்புறம் மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் போலீஸ், பத்திரிகை, அரசியல்வாதி எல்லாரும் வருவார்கள். இப்போதே பள்ளி, வழிபாட்டிடம், மயானம் என்று தனித்தனியாகக் குறித்துவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

தோட்டம் கைமாறினால் பாட்டாளி எங்கே போவான் என்பது புதுக் கேள்வியும் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலைப் பார்த்துத்தான், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஐ.நா. 2015இல் ஏற்ற 17 நிலையான வளர்ச்சி இலக்குகளைப் பற்றி மன்றக் கூட்டங்களில் பேசுகிறீர்கள். நம் மாநிலத்துக்கு இந்தப் பேச்சு பழகியதுதான். ஊர் மக்களும் மன்றமும் சேர்ந்து நிலையான வளர்ச்சிக்குத் திட்டமிடும் உள்ளூர் அஜெண்டா 21 முன்னோடித் திட்டத்துக்கு 2000இல் நாட்டில் எடுத்த நான்கு இடங்களில் பேராக்கின் கிரியானும் ஒன்று. எங்கள் ஊரில் அந்த இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்கிறீர்களா? பிள்ளைகள் பள்ளிக்கு நடந்தே போக வேண்டும். லயத்தைக் காலி செய்யும் குடும்பத்துக்கு அதே நிலத்தில் எழும் தாமானிலேயே, வாங்கக்கூடிய விலையில் வீடு வேண்டும். ஆற்றோரத் தாழ்நிலத்தை வீடமைப்புக்குத் தராதீர்கள். தாழ்வான இடத்தில் குடியிருப்பவர்கள் வெள்ளத்தில் பட்ட பாட்டை 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் நாடே பார்த்தது.

வீடமைப்பு நிலத்தில் திறந்தவெளிக்குப் பத்து விழுக்காடு என்ற விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்துத் தாமானில் போய்ப் பாருங்கள். உயர் மின்கம்பிக்குக் கீழே, பெரிய சாக்கடையை ஒட்டி, நாடா மாதிரி நீளமாக ஒரு துண்டு. ஓர் ஊஞ்சல், ஓர் அறிவிப்புப் பலகை. பந்தை உதைத்தால் சாக்கடைக்குள்தான் போகும். கணக்குக்குப் பத்து விழுக்காடு சரியாக இருக்கும், சந்தேகமில்லை. எங்களுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். பல தலைமுறையாக விளையாடும் திடலையே திறந்தவெளியாகக் குறியுங்கள்.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 172, வரைவு உள்ளூர்த் திட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் நான்கு வாரத்துக்குக் குறையாத அவகாசம் தருகிறது. காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் விடியும் முன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்குப் போய், செம்பனைக் குலை வெட்டிவிட்டுக் களைத்து வருகிறவர், அலுவலக நேரத்தில் மட்டும் திறக்கும் கண்காட்சிக்கு எப்படி வருவார்? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. வந்தாலும் விளக்கம் முழுவதும் மலாயில், அதுவும் சட்ட மலாயில். 1965இல் நிறுத்திய உள்ளாட்சித் தேர்தல் இன்னும் திரும்பவில்லை. உங்களில் யாரையும் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. அதனால் இந்த ஆட்சேப மனுவை நாங்கள் சாதாரணக் காகிதமாக நினைப்பதில்லை.

அறிவிப்பைத் தமிழிலும் அச்சிட்டுத் தோட்ட அலுவலகம், கோயில், சாப்பாட்டுக் கடை வாசல்களில் ஒட்டுங்கள். கண்காட்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வையுங்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிக் கொண்டு வந்தால் போதும். மேசை நாற்காலி நாங்கள் போடுகிறோம், மொழிபெயர்க்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேதியை மட்டும் ஒரு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப்புறவாசி ஒருவர்