ஹெல்மெட்டில் வசனம் எழுதப்போகும் மகளுக்கு

கோலாலம்பூர்

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இங்கு அனைவரும் நலம். நீ அனுப்பிய நீண்ட மின்னஞ்சலை அம்மாவும் நானும் சேர்ந்து படித்தோம். புதிய ஹெல்மெட்டில் நீதிமொழிகள் 18:10ஐ எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அடுத்த பத்தியிலேயே, சென்ற கார் பந்தயத்தின் முதல் வளைவில் உன்னை இடித்துப் பாதையோரச் சரளைக்குள் தள்ளிய ஓட்டுநருக்கு அடுத்த முறை வட்டியோடு திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் தனித்தனியே பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியாகவே எனக்குப் படுகிறது.

"கர்த்தரின் நாமம் பலத்த துருகம்" என்று தொடங்கி, நீதிமான் அந்தக் கோட்டைக்குள் ஓடிச் சுகமாயிருப்பான் என்று முடியும் அந்த வசனத்துக்குப் பந்தய உலகில் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயங்களில் ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட்டுக்கு, சக ஓட்டுநர் டேரல் வால்ட்ரிப்பின் மனைவி ஸ்டீவி பந்தயத்துக்கு முன் ஒரு வசனம் எழுதிக் கொடுப்பார்; அது காரின் டாஷ்போர்டில் ஒட்டப்படும். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா 500 பந்தயத்துக்கு அவர் கொடுத்தது நீ தேர்ந்தெடுத்திருக்கும் இதே வசனம். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் எர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் இறந்தார். தலையையும் கழுத்தையும் தாங்கும் ஹான்ஸ் கருவி அப்போதே இருந்தது, ஆனால் அவர் அதை அணிவதில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாஸ்கார் அத்தகைய கருவியைக் கட்டாயமாக்கியது. வசனம் பொய்த்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை; அது கழுத்து எலும்பைப் பற்றிய வாக்குறுதியே அன்று. தேவாலயத்தின் உச்சியிலிருந்து குதித்துப் பார் என்று சோதிக்கப்பட்டபோது நம் ஆண்டவர் சொன்ன பதிலை, உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்பதை, ஞாயிறு பள்ளியிலேயே நீ மனப்பாடம் செய்திருக்கிறாய்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை கழுத்தைப் பற்றியதன்று. தேவன் தன் பக்கம் இருக்கிறார் என்று நம்பும் ஓட்டுநர், பக்கத்துக் காரில் இருப்பவனும் அவர் படைப்பே என்பதை மறந்துவிடுவதுதான் என்னை அச்சுறுத்துகிறது. அயர்டன் சென்னாவை விட வெளிப்படையாகத் தன் விசுவாசத்தைப் பேசிய ஃபார்முலா 1 சாம்பியன் அந்தக் காலத்தில் இல்லை. தேவனை நம்புவதால் தனக்குச் சாவில்லை என்று சென்னா நினைக்கிறார், அது மற்ற ஓட்டுநர்களுக்கு மிகவும் ஆபத்தானது என்று அவருடைய போட்டியாளர் அலன் ப்ரோஸ்ட் குறை சொன்னதைப் பலர் பொறாமைப் பேச்சு என்று தள்ளினார்கள். 1989இல் ஜப்பானின் சுசூகாவில் இருவரும் மோதிக்கொண்டார்கள். சென்னா தகுதி நீக்கம் செய்யப்பட, பட்டம் ப்ரோஸ்டுக்குப் போனது. தனக்கு அநியாயம் நடந்ததாக உறுதியாக நம்பிய சென்னா, மறு ஆண்டு அதே சுசூகாவின் முதல் வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் ப்ரோஸ்டின் காரில் பாய்ந்தார். இரண்டு கார்களும் சரளைக்குள் போயின, பட்டம் சென்னாவுக்கு வந்தது. அது வேண்டுமென்றே செய்தது என்று அடுத்த ஆண்டு அவரே ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் மனத்தில் வைத்திருந்து, முதல் வளைவில், வட்டியோடு. உன் மின்னஞ்சலின் அந்தப் பத்தியை இப்போது மறுபடி படித்துப் பார்.

அதே மனிதர் 1992இல் பெல்ஜியத்தின் ஸ்பா பயிற்சி ஓட்டத்தில் என்ன செய்தார் என்பதையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். சக ஓட்டுநர் எரிக் கோமாஸின் கார் மோதி, அவர் நினைவிழந்து கிடக்க, என்ஜின் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. சென்னா தன் காரை நிறுத்திவிட்டு, மற்ற கார்கள் வந்துகொண்டிருந்த பாதையிலேயே ஓடிப்போய், என்ஜினை அணைத்து, மருத்துவர்கள் வரும்வரை கோமாஸின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். ஓட்டுநர் அப்படிப் பாதையில் ஓடுவதை, பாதையோரம் கொடி பிடித்து நிற்கும் மார்ஷலாக நான் ஒருபோதும் அனுமதித்திருக்க மாட்டேன். ஆனாலும் நல்ல சமாரியன் உவமையை யாராவது பிரசங்கிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காட்சிதான். 1994இல் இமோலாவில் இறந்த அவருடைய கல்லறையில், தேவனுடைய அன்பை விட்டு எதுவும் தன்னைப் பிரிக்க முடியாது என்ற ரோமர் நிருபத்தின் வார்த்தைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் பாதுகாப்புக்கான உத்தரவாதம் ஏதும் இல்லை.

நான் நம் மலேசியாவின் செப்பாங் பந்தயத் திடலில் மஞ்சள் கொடி பிடித்தவன் என்பதால் இதையெல்லாம் பாதையின் ஓரத்திலிருந்தே பார்க்கிறேன். 1999 முதல் 2017 வரை அங்கு நடந்த ஃபார்முலா 1 பந்தயங்களில் எங்களைப் போன்ற தொண்டர்கள்தான் பதினைந்து வளைவுகளிலும் நின்றோம். 2009இல் வானம் இருண்டு, 56 சுற்றுகளுக்குப் பதில் 31 சுற்றுகளோடு முடிவு கணக்கிடப்பட்ட அந்த மழையிலும் நின்றோம். மஞ்சள் கொடி அசைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது என்பது விதி. இரட்டைக் கொடி என்றால் நிற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநரின் மனச்சாட்சிதான் தீர்மானிக்கிறது. ஒருவர் கண்ணுக்குத் தெரியும்படி காலை எடுப்பார், இன்னொருவர் எடுத்ததாகக் காட்டிக்கொள்வார். 2014இல் சுசூகாவில் ஈரப் பாதையில், இரட்டைக் கொடி அசைந்துகொண்டிருந்தபோதே, ஜூல் பியாங்கியின் கார் மீட்பு வாகனத்தில் மோதியது; அவர் மறு ஆண்டு ஜூலையில் இறந்தார். கார்களை மீட்கும் அந்த வாகனங்களைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள்தான் நிற்கிறார்கள், மகளே. உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூர வேண்டும் என்ற கட்டளையை நீ ஒரு வளைவில் நிறைவேற்றினாயா இல்லையா என்பது ஆரஞ்சு உடை போட்டு அங்கே நிற்பவனுக்குத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, அப்பா என்னை எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே ஓட்டச் சொல்கிறார் என்று எண்ணிவிடாதே. சாந்தம் வேறு, தயக்கம் வேறு. பிரேக்கை எவ்வளவு தாமதமாக மிதிக்க முடியுமோ அவ்வளவு தாமதமாக மிதி; விதி அனுமதிக்கும் அளவுக்கு உன் பாதையைக் காத்துக்கொள்; பக்கத்தில் வந்துவிட்டவனுக்கு ஒரு காரின் அகலத்தை விட்டுவிட்டு, அதன்பின் அவனை முழு மூச்சோடு தோற்கடி. மல்யுத்தம் பண்ணுகிறவனும் சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அந்த வசனத்தை எந்த ஹெல்மெட்டிலும் நான் கண்டதில்லை. ஸ்பான்சர்களுக்குப் பிடிக்காது போலும்.

பிரேசில்காரரான அலெக்ஸ் ரிபேரோவைப் பற்றி உன் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். "இயேசு இரட்சிக்கிறார்" என்று காரிலேயே எழுதிக்கொண்டு 1970களில் ஓட்டியவர். ஃபார்முலா 1இல் ஒரு புள்ளிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அதே ஃபார்முலா 1இல், விபத்து நடந்த இடத்துக்கு மருத்துவரை ஏற்றிச் செல்லும் காரின் ஓட்டுநரானார். 2002இல் சாவோ பாவ்லோவில், விபத்துக்குள்ளான ஒருவருக்கு உதவ வந்து அவர் கதவைத் திறந்த நொடியில், நிக் ஹைட்ஃபெல்டின் கார் அந்தக் கதவைப் பெயர்த்துக்கொண்டு போனது, மயிரிழையில் தப்பினார். காரில் வசனம் எழுதியவர்களில் என் மதிப்பில் அவரே முதலானவர். வென்றவர்களைத்தான் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கிறோம் என்பது நம் சபைகளின் பழக்கம். அது எனக்கு உடன்பாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பற்றி அம்மாவுக்கு வருத்தம் இருக்கிறது. அதை அவளே உன்னிடம் பேசுவாள். 1924 ஒலிம்பிக்கில் ஞாயிறன்று ஓட மறுத்த ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடெலை அவள் எடுத்துக்காட்டுவாள், பொறுமையாகக் கேட்டுக்கொள். அமெரிக்காவில் மேக்ஸ் ஹெல்டன் என்ற போதகர் 1988இல் பந்தயத் திடலுக்கே ஆராதனையைக் கொண்டுபோகும் ஊழியத்தைத் தொடங்கினார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். பாதி சமாதானம் ஆகியிருக்கிறாள்.

ஹெல்மெட் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. எழுதிக்கொள்வதானால், எழுதிய பிறகு அந்த ஓட்டுநரை நீ இடிக்க முடியாது, இடிப்பதானால் எழுதாதே. பிரிக்பீல்ட்ஸ் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் உன் வெற்றிக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டார்கள். உன்னோடு ஓடும் அனைவருக்காகவும், வளைவுகளில் நிற்கும் மார்ஷல்களுக்காகவும் ஜெபிப்பதானால் என் மகளின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே அடுத்த பந்தயத்தின் தேதியையும் உன்னோடு ஓடுபவர்களின் பெயர்களையும் வியாழக்கிழமைக்குள் எழுதி அனுப்பு. உன்னை இடித்தவரின் பெயரை விட்டுவிடாதே.

அன்புடன்,
அப்பா