என் மகளுக்குக் காய்ச்சல் இல்லை: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், செயலர், இயக்குநர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த தை மாதம் என் மகளுக்கு டைபாய்டு காய்ச்சல் வந்ததாகவும், ஆறு வாரம் ஓய்வில் இருந்ததாகவும் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அந்த ஆறு வாரமும் வேதாரண்யத்தில் பாட்டி வீட்டில் இருந்தாள். வெயிலில் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு, நன்றாகத்தான் இருந்தாள். சான்றிதழை வாங்கிக் கொடுத்தவள் நான். அதற்காக வெட்கப்படுகிறேன். இந்த மடலை எழுத வைத்ததும் அந்த வெட்கம்தான்.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளதை உள்ளபடி எழுதித்தான் முதலில் விடுப்புக் கேட்டேன். வகுப்பாசிரியை படித்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "இத்தனை நாளுக்கு ஒண்ணு டி.சி. வாங்கணும், இல்லேன்னா மெடிக்கல் சர்டிபிகேட் கொடுக்கணும். வேற என்ன எழுதறதுன்னு எனக்கே தெரியலைங்க." வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "டைபாய்டுன்னா எப்படிம்மா இருக்கும்? யாராவது கேட்டா நான் என்ன சொல்லணும்?" அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கிறோம். நானும் கணவரும் மென்பொருள் வேலை. 2020 மார்ச்சில் வீட்டுக்கு வந்த அலுவலகம் எங்கள் இருவருக்கும் திரும்பிப் போகவில்லை. மடிக்கணினியும் இணையமும் இருந்தால் எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம். மாமியார் வேதாரண்யத்தில் தனியாக இருக்கிறார், கோவைக்கு வர மறுக்கிறார். சரி, நாமே போய் அவரோடு கொஞ்ச நாள் இருப்போம் என்று கிளம்பினோம். மாமியாருக்காக மட்டும்தான் போனோம் என்றால் அது பாதி உண்மை. ஊர் பார்க்கவும்தான் போனோம். கோடை விடுமுறையில் மட்டும், அதுவும் எல்லோரும் போகும் இடத்துக்கே, நாலு நாள் ஓடிப்போய்த் திரும்புவதைவிட, ஓர் ஊரில் ஆறு வாரம் தங்கி வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. இந்த வசதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதும் தெரியும்.

தையில் உப்பளத்தில் வேலை தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு, பாத்தியைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். தரை இறுகாவிட்டால் உப்பில் சேறு கலந்துவிடும். மகள் வரப்பில் உட்கார்ந்து அதைப் படம் வரைந்தாள். அகஸ்தியம்பள்ளி நினைவுத் தூணைக் காட்டி, ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி 30ஆம் தேதி இங்கே உப்பெடுத்த கதையைச் சொன்னோம். "இவ்வளவு உப்பு கிடக்கிற ஊர்ல உப்பு எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி கோவையில் அவளுக்கு வந்திருக்காது. கோடியக்கரையில் பூநாரைக் கூட்டமும் வெளிமானும் பார்த்தாள். ஆளில்லாமல் திரியும் குதிரைகளைப் பார்த்து யாருடையது என்று கேட்டாள். யாருடையதும் இல்லை என்றதை நம்பவே இல்லை.

இதெல்லாம் காலை பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். மதியம் ஒன்றரைக்கு எனக்கு வேலை தொடங்கினால் இரவு பத்தரை ஆகும். கணவருக்கும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். வீட்டில் இருந்து வேலை செய்கிற அம்மா பிள்ளையோடு இருக்கிறாள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒரே கூரைக்கு அடியில் இருக்கிறேன், அவ்வளவுதான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்து நிற்கும் பிள்ளையை "அப்புறம், அப்புறம்" என்று கையால் தள்ளிவிடுவதை நான் எத்தனை நாள் செய்திருக்கிறேன்! வேலை செய்யும் பெற்றோர் ஆசிரியரும் ஆகிவிட முடியாது. 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறக்கும் வரை தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீடும் அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. அதனால் தயவுசெய்து இதை ஆன்லைன் வகுப்பு கேட்கும் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு திரையை நான் கேட்கவில்லை.

மாமியார் வீட்டுத் தெரு மாலை நாலரை வரை வெறிச்சோடிக் கிடக்கும். பிள்ளைகள் எல்லாம் பள்ளியில். என் மகள் திண்ணையில் உட்கார்ந்து அவர்களுக்காகக் காத்திருப்பாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் சின்னவன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே பொழுதைப் போக்கிவிட்டான். இவளால் முடியவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணும் ஐந்தாம் வகுப்பு, அங்குள்ள அரசுப் பள்ளி. முதல் வாரமே இருவரும் புத்தகங்களை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். அதே மூன்றாம் பருவப் புத்தகம், அதே அட்டை. அந்தப் பெண்ணின் வகுப்பு கணக்கில் ஒரு பாடம் முன்னால் போயிருந்தது. மாலை மாலை அவள் சொல்லிக் கொடுத்தாள், என் மகள் படித்தாள். ஆறு வாரத்தில் அவள் ஒழுங்காகப் பாடம் படித்தது அந்தத் திண்ணையில் மட்டும்தான்.

அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடமும் போய்க் கேட்டேன். நல்ல மனிதர். "உட்கார வைக்க எனக்கு ஆசைதான்மா. ஆனா எந்தப் பதிவேட்டில் எழுதுவேன்? நாளைக்கு விளையாடும்போது விழுந்து கையை உடைச்சுக்கிட்டா, இந்தப் பிள்ளை இங்கே எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே" என்றார். அவர் சொன்னது நியாயம்.

அந்தப் பதிவேட்டில் ஒரு வரிக்கு இடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். 'விருந்தினர் மாணவர்' என்று ஒரு வகை வேண்டும். எட்டாம் வகுப்பு வரை, ஆண்டுக்கு ஒரு முறை, இரண்டு வாரம் முதல் எட்டு வாரம் வரை, டி.சி. வாங்காமல் ஒரு பிள்ளை வேறொரு ஊர் அரசுப் பள்ளியில் உட்காரலாம். அங்கே வந்த நாள் சொந்தப் பள்ளியின் வருகையாக எண்ணப்பட வேண்டும். பருவத் தேர்வு வாரங்களில் கூடாது. வகுப்பில் இடம் இல்லை என்றால் தலைமையாசிரியர் மறுக்கலாம்.

இதற்குத் தேவையானதில் பெரும்பகுதியை நீங்களே ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறீர்கள். சமச்சீர் கல்வி வந்த பிறகு பாடநூல் மாநிலம் முழுக்க ஒன்று. 2012-13 முதல் முப்பருவ முறை இருப்பதால் கோவையும் வேதாரண்யமும் தையில் ஒரே புத்தகத்தைத்தான் திறக்கின்றன. மாணவர் விவரங்களைப் பதியும் உங்கள் எமிஸ் இணையதளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணோடு இரண்டாவது பள்ளி ஒன்றைத் தற்காலிகமாக இணைப்பதுதான் பாக்கி. எமிஸ் பதிவேற்றத்தால் ஆசிரியர்கள் எவ்வளவு நொந்துபோயிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆகவே விவரங்களை நிரப்புவது பெற்றோரின் வேலையாக இருக்கட்டும், சொந்தப் பள்ளி ஒப்புதல் தந்தால் போதும் என்று வையுங்கள்.

இது எங்கும் இல்லாத வழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய் ராட்டினம் போடும் குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே சமயத்தில் இரண்டு பள்ளிகளில் பதிவாகலாம். போன ஊர்ப் பள்ளியில் படிக்கும் நாட்களைக் குறிக்க வருகைப் பதிவேட்டில் தனிக் குறியீடே உண்டு. சொந்தப் பள்ளியில் இடம் அப்படியே இருக்கும்.

வசதியுள்ள நாலு குடும்பம் ஊர் சுற்றுவதற்கு அரசு ஏன் விதியை மாற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இந்த மடலை எழுதிக்கொண்டே நானும் அதை யோசித்தேன். தை பிறந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற குடும்பங்கள் நம் மாநிலத்தில் இருக்கின்றன. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு பள்ளி மாறும் உரிமையைத் தருகிறது, டி.சி. தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தக் குடும்பங்கள் ஊர் மாறுவதில்லை, போய்த் திரும்புகிறார்கள். போகும்போது ஒரு டி.சி., வரும்போது ஒரு டி.சி. என்று அலைய அவர்களுக்கு ஏது நேரம்? பிள்ளை சும்மா நின்றுவிடுகிறது. நான் ஒரு பொய்ச் சான்றிதழ் வாங்கிச் சமாளித்துவிட்டேன். அந்தத் தாய்க்கு அதுவும் முடியாது. அவள் பிள்ளைக்கு எட்டு வாரம் போதாது, சூளை ஓடும் மாதங்கள் அத்தனையும் வேண்டும். வேலைக்காக ஊர்விட்டுப் போகிறவர்களுக்கு அந்த வரம்பைத் தளர்த்துங்கள். ஓர் இடம்தான் இருக்கிறது, இரண்டு பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றால் முதலில் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள், என் மகள் அடுத்த ஆண்டு வரட்டும்.

ஒரு சின்ன விஷயம். சத்துணவுக் கணக்கில் விருந்தினர் மாணவரையும் சேர்த்துவிடுங்கள். என் பிள்ளைக்கு வேண்டாம், நான் டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் மற்றவர்கள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது ஒரு பிள்ளை மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

வரும் தையிலும் வேதாரண்யம் போகிறோம். மகள் ஆறாம் வகுப்பில் இருப்பாள். விடுப்புக் கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்: "என் மகள் ஆறு வாரம் பாட்டி வீட்டில் இருப்பாள். அங்குள்ள பள்ளிக்குப் போவாள்." இரண்டாவது வரி உண்மையாக உங்கள் ஆணை ஒன்று வேண்டும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு தாய்