மின்னணு இசைக்கருவித் தயாரிப்பாளர்களுக்கு: கணினியோடு இணையுங்கள், கணினியை நம்பி நிற்காதீர்கள்

வணக்கம்.

சிந்தசைசர், டிரம் மெஷின், சாம்ப்ளர் ஆகியவற்றை வடிவமைக்கும் உங்களுக்கு, அவற்றை நாள்தோறும் வாசிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். புதிய மாடலை எப்போது விடுவது, பழைய மாடலுக்கு எத்தனை காலம் ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் நிரல்) எழுதுவது, கணினிச் செயலிக்கு எத்தனை பேரை ஒதுக்குவது என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்கில் கருவியின் ஆயுளும் செயலியின் ஆயுளும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பிழை அங்கேதான் தொடங்குகிறது.

1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசரின் 32 ஒலிகளும் 4,104 பைட் கொண்ட ஒரே சிஸ்எக்ஸ் செய்தியாக (அந்தந்தத் தயாரிப்பாளரின் கருவிக்கே உரிய மிடி செய்தி) வெளியே வரும். இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது மொழியான மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட், பைட்டுக்குப் பத்து பிட். ஆக, 1.3 நொடியில் வேலை முடிந்துவிடும். அந்தச் செய்தியின் வடிவத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருந்ததால் இன்றைய கணினியிலிருந்தும் அதே கோப்பை அனுப்ப முடிகிறது. 2019 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவோ 32-பிட் செயலிகளை அடியோடு கைவிட்டது. புதுப்பிக்கப்படாத எடிட்டர்கள் (கருவியின் ஒலியைக் கணினியிலிருந்து மாற்றும் செயலிகள்) அதில் திறக்கவே இல்லை. கருவிகளில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் கருவியின் முகப்பில் வைக்காமல் எடிட்டரில் மட்டும் வைத்திருந்த அமைப்புகள் கைக்கு எட்டாமல் போயின.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: ஒலியை மாற்றும் எந்த அமைப்பும் எடிட்டரில் மட்டும் இருக்கக் கூடாது. முகப்பில் இடமில்லை என்றால் மெனுவில் வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் அதன் மிடி எண், மதிப்பின் எல்லை, தொடக்க மதிப்பு மூன்றையும் கையேட்டில் அச்சிடுங்கள். செய்தி பிழையின்றி வந்ததா என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகையான செக்சம் எந்த பைட்டில் தொடங்கி எதில் முடிகிறது என்பதையும் ஓர் எடுத்துக்காட்டோடு எழுதுங்கள். பல கையேடுகளில் இது இருப்பதில்லை. கருவி ஒரே மூச்சில் எத்தனை பைட் வாங்கும், அடுத்த செய்திக்கு எத்தனை மில்லிநொடி இடைவெளி வேண்டும் என்பதும் தேவை. யூஎஸ்பி வழியாகக் கணினி கொட்டும் வேகத்தில் கருவியின் சிறிய பஃபர் (வரும் பைட்களைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பி வழிகிறது. பாதிப் பேட்ச் (ஓர் ஒலிக்கான சேமித்த அமைப்புகள்) மட்டும் ஏறுகிறது, பிழைச் செய்தியோ வருவதில்லை. வாங்கியவர் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பேட்ச் கோப்பு. அப்டேட்டுக்குப் பிறகு பழைய ஒலிகள் மாறிவிட்டன என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். ஒலியை வடிகட்டும் ஃபில்டரில் புதிய வகை ஒன்றைப் பட்டியலின் நடுவில் நுழைத்திருப்பார்கள். பேட்சில் எழுதியிருப்பது ஃபில்டரின் பெயரல்ல, வரிசை எண். மூன்றாவதாக இருந்தது நான்காவதாக நகர்ந்ததும், அந்த எண்ணோடு சேமித்த எல்லா ஒலியும் வேறு ஃபில்டரைப் பிடித்துக்கொள்கிறது. திரையில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் காட்டுங்கள். உள்ளே இருக்கும் எண் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், புதியது கடைசி எண்ணைப் பெறட்டும். கோப்பின் தலைப்பில் வடிவ எண் ஒன்றும், பிற்காலத்துக்கென்று சில காலி பைட்களும் முதல் நாளே இருக்கட்டும். பழைய ஃபர்ம்வேர் தனக்குத் தெரியாத பகுதியைக் கண்டால் அழிக்காமல் அப்படியே திருப்பி எழுத வேண்டும். கணினியின் ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் பிளக்-இன்னும் கருவியும் வெவ்வேறு பதிப்பில் இருப்பது அன்றாட நிலைமை. அதை விதிவிலக்காக நினைத்து நிரல் எழுதாதீர்கள்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது மிகவும் பயப்பட வேண்டிய கட்டம். ஃபர்ம்வேரைச் சேமிக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் இரண்டு அறை ஒதுக்கி, ஓடாத அறையில் புதியதை எழுதி, சிஆர்சியும் (பிழை காட்டும் எண்) தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பமும் சரிபார்த்து, அதன் பிறகே எந்த அறையிலிருந்து தொடங்குவது என்ற குறியை மாற்ற வேண்டும். இடையில் மின்சாரம் போனாலும் பழையது உயிரோடு இருக்கும். விற்பனைக்கு வரும் நாளிலேயே நிரல் ஃபிளாஷின் 90 விழுக்காட்டை அடைத்துக்கொண்டால் இதற்கு இடமே இராது; அதனால் இரு மடங்கு அளவுள்ள சிப்பை வடிவமைப்பின்போதே போடுங்கள். ஓர் அறைதான் சாத்தியம் என்றால் கருவியைத் தொடக்கி ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரலான பூட்லோடரை எழுத முடியாத பகுதியில் பூட்டி, பொத்தானை அழுத்தியபடி இயக்கினால் அது விழிக்கும்படி செய்யுங்கள். சாதாரண அப்டேட் எதுவும் பூட்லோடரைத் தொடக் கூடாது. பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் இருக்கட்டும். நாளை மேடை ஏற வேண்டியவருக்கு அது மிகவும் முக்கியம். கருவியை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரின் உள் ஃபிளாஷ் பெரும்பாலும் 10,000 முறை அழித்தெழுதவே உத்தரவாதம் பெற்றது. ஒவ்வொரு குமிழ் அசைவுக்கும் ஒரே பக்கத்தில் சேமித்தால் அது தேயும். எளிதில் தேயாத நினைவகமான எஃப்ரேம் சிப் ஒன்று தனியே வைத்தால் தீர்ந்தது.

யூஎஸ்பி வாயில் நடக்கும் தவறுகள் சிறியவை, ஆனால் ஓயாதவை. டைப்-சி வாயில் சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதை விட்டுவிட்டால் ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் கருவி வேலை செய்யும், சி-யிலிருந்து சி-க்குப் போகும் கேபிளில் மின்சாரமே வராது. ஒவ்வொரு கருவிக்கும் தனி சீரியல் எண்ணை யூஎஸ்பி விவரத்தில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒரே மாடலில் இரண்டைச் செருகும்போது எது எது என்று ரெக்கார்டிங் மென்பொருளுக்குத் தெரியாது. அப்டேட்டில் மிடி போர்ட்டின் பெயரை மாற்றாதீர்கள்; பழைய புராஜெக்ட்களின் இணைப்பெல்லாம் அறுந்துவிடும். ஐந்து முனை மிடியில் சிக்னலை ஒளி வழியே கடத்தும் ஆப்டோகப்ளர் இருப்பதால் தரை இணைப்பு பிரிந்திருக்கிறது. யூஎஸ்பியில் அது இல்லை, மடிக்கணினியின் இரைச்சல் நேரே ஆடியோ வெளியீட்டில் கேட்கிறது. மிடி மட்டும் அனுப்பும் 12 மெகாபிட் இணைப்புக்கு, இரு பக்கத்தின் தரை இணைப்பைப் பிரிக்கும் ஐசொலேட்டர் சிப் எளிதாகக் கிடைக்கும். அதிவேக யூஎஸ்பிக்கு அது செலவு. அங்கே இரைச்சலைக் குறைக்கும் சமநிலை (பேலன்ஸ்டு) வெளியீடாவது கொடுங்கள்.

கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளான டிரைவர் பற்றிச் சுருக்கமாக: பொது விதிப்படி இயங்கும் கருவிக்கு டிரைவர் தேவையில்லை. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து யூஎஸ்பி ஆடியோ 2 என்ற பொது விதிக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. குறைந்த தாமதத்துக்கென்று ஏஎஸ்ஐஓ என்ற வகை டிரைவர் கொடுங்கள். அது இல்லாமலும் ஒலி வரட்டும்.

2020 அக்டோபரில் ஜப்பானின் ஏகேஎம் சிப் நிறுவனத்தின் நோபெயோக்கா ஆலை எரிந்தபோது ஆடியோ கன்வர்ட்டர்கள் (ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் சிப்கள்) கிடைக்காமல் பல வடிவமைப்புகள் வேறு சிப்புக்கு மாறின. அப்படி நடுவில் மாறுவதில் தவறில்லை. ஆனால் பலகையின் பதிப்பை ஃபர்ம்வேர் அறிய இரண்டு மூன்று பின்களில் ரெசிஸ்டர் குறியீடு வையுங்கள், அதைத் திரையிலும் காட்டுங்கள். கன்வர்ட்டர் மாறினால் உள் ஃபில்டரின் தாமதமும் மாறும். பிளக்-இன் பழைய எண்ணையே சொன்னால் பதிவு செய்த தடம் சில சாம்பிள் (ஒலியை எண்ணாக்கும் மிகச் சிறிய நேர அலகு) தள்ளி விழும். அதைச் செவியால் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு தடத்தைக் கலக்கும்போதுதான் ஒலி மெலிந்து தெரியும்.

பெட்டியில் அச்சிட்ட வசதி வாங்கிய நாளில் பெட்டிக்குள் இருக்க வேண்டும். “விரைவில் அப்டேட்டில்” என்று எழுதி விற்பதை நாங்கள் ஏற்கவில்லை.

ஆதரவை நிறுத்தும் காலமும் வரும். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தன் மாட்யூல்களின் (சிந்தசைசரின் தனித்தனிப் பகுதிகள்) நிரலையும் சர்க்யூட் வரைபடத்தையும் திறந்து வைத்திருந்ததால், 2022-இல் அது கடையை மூடிய பிறகும் அவற்றைப் பழுது பார்க்க முடிகிறது. டெல்யூஜ் கருவியின் ஃபர்ம்வேர் 2023-இல் திறக்கப்பட்டதும் பயனர்களே அதை வளர்க்கத் தொடங்கினர். அந்த அளவுக்குத் திறக்க மனமில்லை என்றாலும், நிறுத்தும் நாளில் இவற்றை ஒரே கோப்பாக, உள்நுழைவு கேட்காத இடத்தில் வையுங்கள்: கடைசி ஃபர்ம்வேர், பூட்லோடர், மிடி விவரப் பட்டியல், சர்க்யூட் வரைபடம், இணையமில்லாமல் ஓடும் எடிட்டர், கையொப்பச் சோதனையை நீக்கிய பதிப்பு ஒன்று.

இப்படிக்கு,
வாசிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும்