எங்கள் படகை மீண்டும் தண்ணீரில் இறக்கித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். மேற்கு லண்டனில், கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளையை ஒட்டி வாழும் இளையோருக்காக நாங்கள் நடத்திவரும் நேரோபோட் (ஒடுங்கி நீண்ட கால்வாய்ப் படகு), ஓராண்டு காலம் கரையில் கிடந்த பின்னர் இந்தக் கோடை விடுமுறையில் மீண்டும் ஓடியது. அதற்குக் காரணமானவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதவே விரும்பினோம். ஆனால் உங்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனதால், இந்த நன்றியைப் பொதுவில் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு படகைக் கரையேற்றிச் சோதித்தபோது, 6 மில்லிமீட்டர் இருக்கவேண்டிய பக்கத் தகடு, நீர்மட்டத்தை ஒட்டிய சில இடங்களில் 4 மில்லிமீட்டருக்கும் கீழே அரித்துப் போயிருந்தது. அந்த நிலையில் எங்களுக்குக் காப்புறுதி கிடைக்கவில்லை. காப்புறுதி இல்லையென்றால் கால்வாயில் ஓட உரிமமும் இல்லை. புதுத் தகடு வைத்து ஒட்டுவதற்கான செலவைக் கேட்டதும், படகை விற்றுவிடலாமா என்றுகூட ஒரு மாலை முழுவதும் பேசினோம். அந்தப் பேச்சை நிறுத்தியவை அல்பர்டன், வெம்பிளிக் கடைகளின் கல்லாவருகே நீங்கள் வைத்த உண்டியல்கள்தான். சில்லறையை எண்ணித் தாளில் சுற்றிக் கொண்டுவந்து தந்த கடைக்காரர்களுக்கும் அவர்களிடம் வேலை செய்பவர்களுக்கும் எங்கள் முதல் நன்றி.

வடமராட்சியில் கடற்றொழில் செய்த குடும்பத்திலிருந்து வந்த ஐயா ஒருவர், தம் பேரப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, படகு தண்ணீரில் இறங்கும்வரை ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. துருவைச் சுரண்டுவதையும், இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காக்கும் மக்னீசியக் கட்டிகளைப் பொருத்துவதையும் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றுக்கொண்டார். படகின் அடிப்பகுதிக்குப் பிற்றுமின் என்னும் கறுப்புத் தார் பூசும் வேலை அவருக்குக் ‘கீல் பூசுறது’. படகின் முன்பக்கம் ‘அணியம்’. இப்போது தமிழ் அறியாத எங்கள் சோமாலியப் பிள்ளைகளும் போலந்துப் பிள்ளைகளும் “அணியத்தில் யார் நிற்கிறது?” என்றுதான் கேட்கிறார்கள். ஐயா, உங்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வயது போதாது.

மூன்று நாள் படகுப் பயணத்துக்குப் பிள்ளைகளை இரவு தங்க அனுப்பிய பெற்றோருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. நீரைக் கண்டால் நெஞ்சு பதறும் அம்மாமாரை நாங்கள் அறிவோம். அந்தப் பதற்றத்துக்குக் காரணங்கள் உண்டு என்பதையும் அறிவோம். மிதவைச் சட்டையைத் தாங்களே போட்டுப் பார்த்து, படுக்கை எங்கே, கதவு எப்படிப் பூட்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பிறகு மகள்மாரை அனுப்பி வைத்தீர்கள். கூடவே வந்து தங்கிய இரண்டு அம்மாமார், ஒருவர்பின் ஒருவராகவே நிற்கக்கூடிய அந்தச் சின்னக் குசினியில் மூன்று நாளும் எல்லோருக்கும் சோறும் பருப்பும் சமைத்துப் போட்டார்கள்.

பாடிங்டன் கிளையில் ஒரு லாக்கும் (இருபுறமும் கதவு வைத்து, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டி) கிடையாது. கிளை பெரிய கால்வாயோடு சேரும் புல்ஸ் பிரிட்ஜில் பிரென்ட்ஃபோர்ட் பக்கம் திரும்பினால்தான் நோர்வூட்டில் இரண்டும் ஹான்வெல்லில் ஆறும் வரும். இரண்டுக்கும் நடுவே, ரயில் பாதைக்கு மேலே கால்வாயும் கால்வாய்க்கு மேலே தெருவும் போகும் இடத்தை, 1859 இல் முடிந்த பொறியாளர் புரூனெலின் வேலையை, பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள். ஹான்வெல்லின் முதல் லாக்கில், பதினான்கு வயதுப் பிள்ளை ஒருத்தி, கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டே இருந்தாள், கதவு அசையவில்லை. அங்கே நின்ற முதிய தொண்டர் ஒருவர், “தண்ணீரைப் பார்” என்று மட்டும் சொன்னார். உள்ளும் வெளியும் மட்டம் ஒன்றானதும், அவள் ஒருத்தியின் தள்ளலுக்கே அந்தக் கனத்த கதவு மெல்ல நகர்ந்தது. கதவைத் தாமே திறந்துவிடாமல் அவளுக்காகக் காத்து நின்ற அந்தப் பெரியவருக்கும் நன்றி.

பள்ளிக்கூடம் போகாமல் பல மாதம் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு பையன் திரும்பும் வழியில் சுக்கான் பிடித்தான். சுக்கானின் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும் என்பதைத் தன்னைவிடச் சிறியவனுக்கு அவனே சொல்லிக் கொடுத்தான். அன்று அவன் அவ்வளவு பேசியதைக் கேட்டவர்கள் நாங்கள். கேட்கவேண்டிய உரிமை உங்களுக்கும் உண்டு என்பதால் இதை எழுதுகிறோம்.

படகு இப்போது அல்பர்டனில் கட்டியிருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகள் இருப்பார்கள், அடுப்பில் தேநீரும் இருக்கும். வந்து பாருங்கள்.

நன்றியுடன்,
படகுத் தொண்டர்கள் சார்பில்