வீட்டில் தைத்த பொம்மைக்கும் ஒரு சோதனைக்கூடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் மாவட்டத் தலைநகரங்களில் நடைபெறும் மகளிர் சுய உதவிக் குழுக் கண்காட்சிகளில், ஊறுகாய், வடகம், சணல் பை ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே வீட்டில் தைத்த பஞ்சுப் பொம்மைகளும் வண்ணத் துணித் தோரணங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைத் தங்கள் வாசகர்கள் பார்த்திருப்பார்கள். யானை, முயல், கரடி, ஆமை என்று அங்கே விற்கப்படும் இந்தப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றை இன்றுள்ள சட்டப்படி விற்கக் கூடாது என்பது, அவற்றைத் தைத்த பெண்கள் பலருக்கும் வாங்கிச் செல்லும் பெற்றோருக்கும் தெரியாது. தையல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், இன்றும் இத்தொழிலில் இருக்கும் பெண்களோடு பழகி வருபவள் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

மத்திய அரசு 2020 பிப்ரவரியில் பிறப்பித்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான எல்லாப் பொருள்களும் ஐ.எஸ். 9873 என்ற இந்தியத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும், மின்சாரத்தால் இயங்குபவை ஐ.எஸ். 15644 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்றும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்று ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் மட்டுமே அவை விற்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. மலிவான இறக்குமதிப் பொம்மைகளைத் தடுப்பதும் அரசின் நோக்கங்களுள் ஒன்று என்பது, அதே காலத்தில் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டதிலிருந்து விளங்கும். ஆனால், கப்பலில் வரும் பெட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஆணை, கூடத்தின் ஓரத்தில் ஒற்றைத் தையல் இயந்திரத்தை வைத்திருப்பவரையும் அதே கயிற்றால் கட்டுகிறது. உரிமமின்றி விற்பவருக்கு 2016ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவனச் சட்டம் விதித்த அபராதம் 2 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. இந்தப் பெண்களில் பலர் ஓராண்டு முழுவதும் பொம்மை தைத்தாலும் அந்தத் தொகையைப் பார்க்க முடியாது.

கைவினைஞர்களை அரசு அடியோடு மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் வந்த திருத்தம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கைவினைஞர்கள் தாமே செய்து விற்கும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை உரிய பதிவுடன் செய்து விற்பவர்களுக்கும் விலக்கு அளித்தது. இதனால் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்கும் கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மரப்பொம்மைக்கும் ஒரு பாதுகாப்பு கிடைத்தது. பஞ்சுப் பொம்மைக்கு ஊர்ப் பெயரோ பரம்பரையோ இல்லை; அதைத் தைப்பவர்களில் பெரும்பாலோர் பயிற்சி வகுப்பிலோ அலைபேசியில் பார்த்தோ கற்றுக்கொண்ட இல்லத்தரசிகள். தம்மைக் ‘கைவினைஞர்’ என்று அவர்களே நினைப்பதில்லை. அதனால் அந்தப் பதிவுக்கான கைவினைஞர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமும் அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இதில் வியப்பு என்னவென்றால், வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களின் பாடத்திட்டத்தில் மென்பொம்மை தயாரித்து விற்பதற்கென்றே ஒரு குறுகியகாலப் பயிற்சி இருக்கிறது. அரசின் ஒரு கை பயிற்சியளித்து, சான்றிதழும் கொடுத்து, கடனுக்கும் பரிந்துரைத்து அனுப்புகிறது. அப்படி அனுப்பப்பட்டவர் முதல் பொம்மையை விற்கும்போதே மற்றொரு கையின் சட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறார்.

சட்டமே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். குழந்தையின் வாய்க்குப் போகும் பொருளுக்குக் கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். வீட்டில் தைத்தது என்பதாலேயே ஒரு பொம்மை பாதுகாப்பானதாகிவிடாது. முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம். கறுப்பு மணியையோ சட்டைப் பொத்தானையோ பொம்மைக்குக் கண்ணாக ஒட்டுவதும் தைப்பதும் நம்மிடையே பரவலான வழக்கம். பசையால் ஒட்டியது இரண்டு துவைப்பில் உரிந்துவிடும். நூலால் தைத்தது குழந்தை கடித்து இழுக்க இழுக்கத் தளர்ந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மையில் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய சிறு பாகம் இருக்கிறதா என்பதை அறிய, 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய உருளைக்குள் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள். முழுவதுமாக உள்ளே அடங்கிவிடும் எந்தப் பாகமும் ஆபத்தானது. நாம் பயன்படுத்தும் பொத்தான்களும் மணிகளும் ஏறக்குறைய எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். பின்புறம் வளையம் மாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் கண்கள் கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், இழுத்தால் நீளும் பனியன் துணியில் அவற்றைப் பொருத்தினால் துளை விரிந்து கண் முழுதாகவே வெளியே வந்துவிடும். உள்பக்கம் கெட்டித் துணி ஒன்றை வைத்துத் தைத்தால்தான் அது நிற்கும். ஆகவே, சிறு குழந்தைகளுக்கான பொம்மை என்றால் கண்ணையும் மூக்கையும் நூலால் பூவேலை செய்துவிடுவதே சரி. அழகிலும் அது குறைந்ததன்று.

அடுத்தது உள்ளே அடைக்கும் பொருள். எங்கள் பகுதியில் பனியன் வேஸ்ட் எளிதில் கிடைப்பதால் அதையே நறுக்கி அடைப்பவர்கள் உண்டு. பொம்மை கனத்துப்போவது மட்டுமன்றி, துவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். வெட்டுமேசையிலிருந்து வந்த குப்பையோடு ஊசி முனையோ ஸ்டேப்ளர் பின்னோ கலந்திருக்கவும் கூடும். இயற்கையானது என்ற நம்பிக்கையில் போடி, தேனிப் பக்கத்து இலவம் பஞ்சைச் சிலர் விரும்புகிறார்கள். தலையணைக்கு அது நல்ல பஞ்சுதான். பொம்மைக்குள் வைத்தாலோ எளிதில் தீப்பற்றும், துவைத்தால் கட்டி தட்டும், கொட்டையும் தூசியும் கலந்திருக்கும். தெர்மோகோல் மணிகளை நேரடியாகக் கொட்டித் தைப்பது எல்லாவற்றையும்விட மோசம்; தையல் பிரிந்தால் அவை குழந்தையின் மூக்குக்குள் போய்விடும். புதிதாக வாங்கிய, ரெக்ரான் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சே துவைப்பதற்கு ஏற்றது. விலை கூடுதல்தான், ஆனால் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

தையலிலும் கவனம் வேண்டும். பொம்மைத் துணியைப் புறம் திருப்பித் தைத்து, பஞ்சு அடைக்க விட்ட வாயைக் கடைசியில் கைத்தையலால் மூடுகிறோம். பொம்மை முதலில் பிரிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். வளைவுகளில் தையலுக்கு மிக அருகில் கத்தரி போடுவதாலும், ரோமத் துணியில் தையலுக்குப் போதிய விளிம்பு விடாததாலும் நாளடைவில் துணி நூல் நூலாகப் பிரிகிறது. இயந்திர ஊசி ஒடிந்தால் ஒடிந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்துச் சேர்த்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடர வேண்டும் என்பது ஏற்றுமதிப் பனியன் கம்பெனிகளில் கடுமையாகப் பின்பற்றப்படும் விதி. குழந்தைகளின் உடைகளை அங்கே ஊசி கண்டறியும் கருவிக்குள் செலுத்தியே பெட்டியில் அடுக்குகிறார்கள். வீட்டில் ஊசி ஒடிந்தால் புதிய ஊசியை மாட்டிக்கொண்டு தைப்பதுதான் நடக்கிறது.

இத்தனையும் திருத்தக்கூடிய குறைகளே. ஆனால், உரிமம் பெறும் முறை இந்தத் தொழிலின் இயல்போடு பொருந்தவில்லை. தொழிற்சாலையில் ஒரே துணி, ஒரே சாயம், ஒரே அச்சு. மாதிரி ஒன்றைச் சோதித்தால் ஆயிரக்கணக்கான பொம்மைகளுக்கு அது செல்லும். வீட்டுத் தையலோ வெட்டுத்துணியை நம்பி நடப்பது. இந்த வாரம் மஞ்சள் இண்டர்லாக் கிடைத்தால் வாத்து, அடுத்த வாரம் சாம்பல் ஃபிளீஸ் கிடைத்தால் யானை. பத்துப் பொம்மைக்குள் அந்தத் துணி தீர்ந்துவிடும். துணியும் சாயமும் மாறிக்கொண்டே இருக்கும்போது, ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் கசிகின்றனவா, தீ எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்று ஒவ்வொரு முறையும் சோதனைக்கு அனுப்பச் சொல்வது, ஒரு படி அரிசிக்கு லாரி வாடகை கேட்பதைப் போன்றது. குறுந்தொழில்களுக்கென அமைவனம் சில சலுகைகளைக் காட்டியிருப்பதை மறுக்கவில்லை. ஆனால், தொழிற்கூடம் என்று ஒன்று இருப்பவர்களுக்கே அவை பயன்படும்.

இதற்கு வழி காண்பது, குறிப்பாகத் திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர் மாவட்டங்களில், அவ்வளவு கடினமன்று. ஏற்றுமதிக்காகத் துணியையும் சாயத்தையும் சோதிக்கும் கூடங்கள் இங்கே ஏற்கெனவே இயங்குகின்றன. ஏற்றுமதிக்கெனச் சோதிக்கப்பட்ட துணியின் மிச்சத்தைச் சோதனை விவரச் சீட்டுடன் மகளிர் குழுக்களுக்கு விற்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் செய்து கொடுத்தால், சாயத்தைப் பற்றிய கவலை பெருமளவு தீரும். வெளிநாட்டுக் குழந்தையின் உடைக்குத் தகுதி பெற்ற துணி நம் ஊர்க் குழந்தையின் பொம்மைக்கும் தகுதியானதுதானே. மகளிர் குழுக்களின் பொருள்களை விற்பதற்காக மாவட்டந்தோறும் உள்ள பூமாலை வணிக வளாகத்தில் ஊசி கண்டறியும் கருவி ஒன்றையும், கண்ணையும் தையலையும் இழுத்துச் சோதிக்கும் எளிய கருவியையும், நான் மேலே குறிப்பிட்ட உருளையையும் வைத்து, வாரத்தில் ஒரு நாள் பொம்மைகளைப் பார்த்துத் தரலாம். தீப்பற்றும் தன்மையை மட்டும் துணி வகைக்கு ஒன்றாக, ஒட்டுமொத்தக் குழுக்களின் சார்பிலும் சோதித்துக்கொண்டால் போதும். இப்படிச் சோதனைக்கு உட்படும் குழுக்களைத் தனிப் பிரிவாக ஏற்றுக்கொள்ளும் வகையில் ஆணையைத் திருத்தும்படி மாநில அரசு மத்திய அரசை வலியுறுத்த வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்து சிலர் பொம்மைகளின் மீது ‘அலங்காரப் பொருள்’ என்று சீட்டு ஒட்டத் தொடங்கியிருப்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வாசலில் தொங்கும் தோரணத்துக்கும் கொலுப்படிக்கு வைக்கும் துணிப்பூவுக்கும் அது பொருந்தும். முயல் பொம்மையை அலங்காரம் என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதே ஆகும், ஏனெனில் அது எந்த அலமாரியில் இருந்தாலும் வீட்டிலுள்ள குழந்தை அதை எடுத்து விளையாடத்தான் போகிறது. ஜெர்மனியின் கீங்கென் நகரில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட மார்கரெட் ஸ்டைஃப் என்ற தையற்பெண் 1880இல் கம்பளித் துணியில் ஒரு யானையைத் தைத்ததும் ஊசி குத்தி வைப்பதற்காகத்தான். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டதிலிருந்து பிறந்ததே இன்று உலகம் அறிந்த அவரது பொம்மை நிறுவனம்.

இதற்கிடையில் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிற்சி முடிக்கும் ஒவ்வொரு பெண்ணிடமும் சான்றிதழோடு சேர்த்துக் கைவினைஞர் அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தையும் நிரப்பி வாங்கி, உரிய அலுவலர்களை அதே பயிற்சிக் கூடத்துக்கு வரவழைத்து, தைத்துக் காட்டுவதை அங்கேயே பார்வையிடச் செய்யலாம். பாடத்திட்டத்தில் கண், பஞ்சு, ஊசி ஆகியவை பற்றி ஒரு நாள் வகுப்பைக் கூட்டினாலும் போதும். மாவட்ட ஆட்சியர்கள் இந்தப் பயிற்சி நிறுவனங்களை நடத்தும் வங்கிகளுக்கு இதை அறிவுறுத்தினால், ஆணையில் திருத்தம் வரும்வரை காத்திருக்காமலேயே இப்பெண்களில் கணிசமானோர் வரும் தீபாவளிக் கண்காட்சிக்குள் விலக்கின் வரம்புக்குள் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தையல் ஆசிரியை,
அவிநாசி.