கொடியைவிடக் கேடயம் மூத்தது

ஆசிரியருக்கு,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணக் கொடி பற்றிய தங்கள் செய்தி, அதிலுள்ள கேடயச் சின்னமும் 1965இல் கொடியோடு சேர்ந்தே பிறந்தது என்ற எண்ணத்தைத் தருகிறது. கேடயம் ஏறக்குறைய நூறு வருடம் மூத்தது. 1868இல் விக்டோரியா மகாராணி வழங்கியது அது. மேலே வெள்ளையில் சிவப்புச் சிலுவை, கீழே பச்சையில் மூன்று பொன்னிற மேப்பிள் இலைகள். கரடியும் மூஸ் என்னும் பெரிய காட்டுமானும் சாதாரண மானும் 1909இல்தான் கேடயத்தைச் சுற்றி மாகாண இலச்சினையில் சேர்ந்தன. கொடியில் அவற்றுக்கு இடமில்லை, பாவம்.

என் பேரன் வீட்டுப்பாடத்தில் மூன்று இலைகளுக்கும் சிவப்படித்துவிட்டு, "கனடாக் கொடியில் இலை சிவப்புத்தானே, அப்பப்பா?" என்றான். பெரியவர்கள் பலருக்கும் இதே குழப்பம் உண்டு. அடுத்த முறை கேடயத்தின் வண்ணப் படத்தை, இந்த ஆண்டுகளோடு சேர்த்து வெளியிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ