எள்ளளவு தசை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

நீ எழுதியிருந்த நோயாளிதான் இரண்டு நாளாக நினைவிலேயே இருக்கிறார். நுரையீரலில் சார்காய்டோசிஸ், அழற்சிச் செல்கள் அங்கங்கே திரளும் அந்த நோய். ஊதிப்பார்க்கும் பரிசோதனை அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் மூச்சு வாங்குகிறது, ஈசிஜியில் புதிதாக பிளாக், அதாவது இதயத்தின் மின்னோட்டத்தில் தடை. நோய் இதயத்துக்கும் வந்துவிட்டதா என்று பார்க்க, இதயத்தசையில் துணுக்குக் கிள்ளி பயாப்ஸி எடுக்கலாமா என்று கேட்கிறாய். எடுப்பதைவிட, 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்ததும் நீ நிம்மதியாகிவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

இன்று காலைகூட ஒரு குப்பி வந்தது. ஃபார்மலினில் ஐந்து துணுக்குகள், ஒவ்வொன்றும் எள்ளளவு. இடுக்கியால் பிடித்தால் நசுங்கிவிடும், ஊசிமுனையால்தான் தூக்கினேன். நுண்ணோக்கியில் பார்த்தால் தசையிழைகளின் குறுக்கே கருஞ்சிவப்புப் பட்டைகள். துடிக்கிற இதயத்திலிருந்து பிய்த்தபோது தசை சுருண்ட தடம் அது. புதிதாக வரும் பிள்ளைகள் அதையே நோய் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த ஐந்து எள்ளை வைத்து முழு இதயத்துக்கும் எப்படித் தீர்ப்புச் சொல்வது? சார்காய்டோசிஸ் திட்டுத்திட்டாகப் படரும். இடது கீழறையில் இருந்தால், வலப்பக்கத்திலிருந்து கிள்ளுகிற நம் கையில் அது அகப்படாது. இதயத்தில் அந்த நோய் உள்ளவர்களிடம்கூட, படத்தின் துணையில்லாமல் கண்மூடி எடுத்தால் சுமார் நால்வரில் ஒருவரிடம்தான் கிரானுலோமா, அந்த நோயின் அடையாளமான செல் திரள், கிடைக்கிறது.

அதனால் முதலில் எம்ஆர்ஐயும் பெட் ஸ்கேனும் செய்துவிடு. நுரையீரலில்தான் கிரானுலோமா ஏற்கெனவே உறுதியாகிவிட்டதே. படங்களும் ஈசிஜியும் ஒத்துப்போனால் இதயத்தைத் தொடாமலே முடிவுக்கு வரலாம். எடுத்தே ஆகவேண்டுமென்றால், படம் காட்டுகிற இடத்தில் எடுக்கச் சொல்.

வெறும் சிஓபிடி, அதாவது நாட்பட்ட மூச்சடைப்பு, நோயாளிக்கு என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தடித்த தசையிழையும் பெருத்த உட்கருவும்தான் தெரியும். வலது இதயம் அழுத்தத்தோடு மல்லாடுவதை எக்கோவே சொல்லிவிடுமே! அவர்களால் மல்லாந்து படுக்கவும் முடியாது. நுரையீரல் உப்பியிருந்தால் கழுத்துச் சிரை வழியாகக் கருவியை விடும்போது அதைக் குத்திவிடும் பயமும் உண்டு. தொடைச்சிரை தேவலை.

1962இல் நெஞ்சைத் திறக்காமல் இதயத்தசையைக் கிள்ளும் கருவியைக் கொண்டுவந்தது யார் என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்களே, நினைவிருக்கிறதா? சகாகிபாரா, கொன்னோ என்று இரண்டு பெயரையும் சொன்னவன் நீ ஒருவன்தான்.

ஸ்கேன் வந்ததும் எழுது. பயாப்ஸி எடுத்தால் ஸ்லைடுகளை எனக்கும் அனுப்பு, நானும் ஒருமுறை பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்